சுமை வண்டியின் மட்டமும் பட்டை வில்லும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைக்குச் செல்லும் பிக்கப் வண்டிகள் வெறுமையாக நிற்கையில் பின்புறம் சற்று உயர்ந்திருப்பதைக் காணலாம். இது குறையன்று, சுமை ஏறியதும் மட்டமாக நிற்பதற்கான ஏற்பாடே ஆகும். அமெரிக்காவில் இதை அழகுக் குறைவாகக் கருதி, முன்புறத்தை உயர்த்தும் சாதனம் பொருத்துவோர் பலர். நம் பக்கத்திலோ பின்புறம் தாழ்கிறதென்று பட்டை கூட்டுகிறார்கள்.

முதலில் வழக்கமான சுமையுடன் நான்கு சக்கரங்களின் மேலும் உயரத்தை அளக்க வேண்டும். அனுமதித்த எடைக்குள்ளேயே பின்புறம் மிகத் தாழ்ந்தால், தளர்ந்த பட்டையை மாற்றுவதே முறை. பட்டை கூட்டுவதால் பதிவுச் சான்றில் கண்ட எடை கூடிவிடாது.

வில்லின் தாழ்வு சுமைக்கு நேர்விகிதம் என்பது 1678-இல் ஹூக் வெளியிட்ட விதி. பட்டைகளின் எண்ணிக்கை இரட்டித்தால் விறைப்பு இரு மடங்கு; ஒவ்வொன்றின் தடிமனும் இரட்டித்தாலோ எட்டு மடங்கு! "கொஞ்சம் தடிமனாகப் போடலாம்" என்னும் பேச்சுக்கு உடனே தலையாட்டலாகாது.

பொருத்தும்போது சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சட்டத்தைத் தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும்; ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. இருபுறமும் ஒரே வகைப் பட்டை, புதிய யூ போல்ட்டுகள். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பின்பே இறுதி முறுக்கு. சிறிது தூரம் ஓடியபின் மறுமுறுக்கு.

பலரும் மறப்பது பிரேக்கை. சில வண்டிகளில், பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு சுமையை உணரும் வால்வு உண்டு. கூட்டிய பட்டையால் இடைவெளி குறையாதிருந்தால், வண்டி வெறுமை என்றே கொண்டு வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். மூட்டைகளுடன் மலை இறங்கும் வண்டியில் அத்தனை வேலையும் முன் பிரேக்கின் மேல் விழும். அது சூடேறிப் பிடிப்பிழக்கும். எனவே பட்டறையை விட்டுக் கிளம்புமுன் அந்த வால்வையும், பிறகு முகப்பு விளக்கின் சாய்வையும் சரிசெய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.