எழுதத் தெரிந்தவருக்கே உடையும் இடம் தெரியும்

கல்லடியிலோ ஆரையம்பதியிலோ வந்தாறுமூலையிலோ வீட்டில் இருந்தபடி கொழும்பு நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ மென்பொருள் எழுதும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "சைபர் செக்கியூரிட்டிக்கு மாறுவதென்றால் என்ன கோர்ஸ் செய்யலாம்?" மாறலாம். ஆனால் கோர்ஸில் தொடங்காதீர்கள். இன்று கையில் இருக்கும் கோட்டில் தொடங்குங்கள்.

நாட்டில் தேவை இருக்கிறதா என்று தயங்குகிறவர்கள் 2023 ஆகஸ்டை நினைத்துப் பார்க்கட்டும். அரச மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஓடிக்கொண்டிருந்தது பழைய எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருள். இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பேக்கப் அந்தக் காலத்துக்கு இல்லை. புதுப்பிக்காத மென்பொருள், ஒழுங்காக எடுக்காத பேக்கப் இரண்டும் எந்த டெவலப்பருக்கும் பழகிய சங்கதிகள். இதற்கு முந்திய வருடமே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) நிறைவேறிவிட்டதால், வாடிக்கையாளர் விபரம் வைத்திருக்கும் நிறுவனங்கள் பாதுகாப்பைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

இத்துறையில் பலரும் முதலில் பார்ப்பது கண்காணிப்பு மையத்தில் இரவு பகலாக எச்சரிக்கைகளைப் பார்க்கும் சொக் வேலையை. அதில் ஷிப்ட் உண்டு, பெரும்பாலும் கொழும்பில் தங்க வேண்டும், நெட்வேர்க் தெரிந்தவருக்கே அது அதிகம் பொருந்தும். கோட் எழுதுகிறவருக்கு நான் சொல்வது அப்ளிகேஷன் செக்கியூரிட்டி, அதாவது மென்பொருளின் கோட்டிலேயே ஓட்டையைத் தேடி அடைக்கும் வேலை. வீட்டில் இருந்து செய்யவும் அதில்தான் வாய்ப்பு அதிகம்.

ஏன் என்று பாருங்கள். ஒரு தளத்தில் லாகின் செய்து உங்கள் பற்றுச்சீட்டைத் திறக்கிறீர்கள். முகவரியின் கடைசியில் 1045 என்று இருக்கிறது. அதை 1046 ஆக்கினால் இன்னொருவருடைய பற்றுச்சீட்டு வருகிறது. "லாகின் செய்தவரா?" என்று சேர்வர் கேட்டது, "இந்தச் சீட்டு இவருடையதா?" என்று கேட்கவில்லை. வெப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 குறைகள் பட்டியலில் முதலிடம் பிடித்த குறை இந்த வகைதான். ஓட்டையைக் கருவி வைத்துத் தேடுகிறவர் அதைக் கண்டுபிடித்துச் சொல்வதோடு நின்றுவிடலாம். நீங்களோ டேட்டாபேஸ் கேள்வியில் பயனாளர் நிபந்தனையைச் சேர்த்து, அதே தவறு வேறு எந்தெந்த ஏபிஐயில் இருக்கிறது என்றும் தேடிவிடுவீர்கள். சம்பளம் அதற்குத்தான்.

ஆகவே இப்போதைய வேலையிலேயே லாகின், அனுமதி, பணம் செலுத்தல் சம்பந்தப்பட்ட டிக்கெட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கோட் ரிவ்யூவில் பாதுகாப்புக் கேள்வி கேட்கிற ஆளாக இருங்கள். உங்கள் புரொஜெக்ட் எந்த லைப்ரரியின் எந்த வேர்ஷனில் நிற்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லைப்ரரியின் குறை வெளிவந்தபோது உலகமெங்கும் நிறுவனங்கள் திண்டாடியது அந்தப் பட்டியல் இல்லாமல்தான்.

பழகுவதற்குப் போர்ட்ஸ்விகரின் வெப் செக்கியூரிட்டி அகாடமி இலவசம். வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த பயிற்சித் தளமான ஓவாஸ்பின் ஜூஸ் ஷாப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் மடிக்கணினியில் ஓடும். ஊரில் யாருடைய தளத்திலும், பாசிக்குடா ஹோட்டல் முன்பதிவுப் பக்கமாக இருந்தாலும், எழுத்து மூல அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். "உதவி செய்யத்தான் பார்த்தேன்" என்பது 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் முன் எடுபடாது. அனுமதியற்ற நுழைவே குற்றம், ஐந்து வருடம் வரை சிறை கிடைக்கலாம்.

சான்றிதழ் அதற்குப் பிறகு. செக்கியூரிட்டி பிளஸ் விண்ணப்பம் கழிபடாமல் இருக்க உதவும். ஓஎஸ்சிபி ஏறக்குறைய ஒரு முழு நாள் செய்முறைப் பரீட்சை, மதிப்பும் அதிகம்; ஆனால் கட்டணம் டொலரில். கடன்பட்டு அவசரமாகக் கட்ட வேண்டியதில்லை.

திறமை இருந்தும் நம் பிள்ளைகள் பின்தங்குவது அறிக்கை எழுதுவதில். ஜூஸ் ஷாப்பில் கண்ட ஒரு குறையை எடுத்து, அது என்ன, எப்படி மீண்டும் செய்து காட்டலாம், யாருக்கு என்ன நட்டம், கோட்டில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று எளிய ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது சான்றிதழுக்கு மேலே அதை வையுங்கள்.