காசநோயும் கடை முதலாளிகளும்



கொள்முதல், விற்பனை என்றே பேசிவரும் நாம் இம்முறை ஒரு வியாதியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம் பெரியவர்கள் க்ஷயம் என்று பயந்து சொன்ன காசநோயே அது. அது ஒழிந்துபோய்விட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. இன்றும் ஆண்டுதோறும் உலகில் சுமார் ஒரு கோடிப் பேரை அது பிடிக்கிறது.

எங்கள் சாப்பாட்டுக் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்களிடம் வேலை பார்த்த தம்பி ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல். இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துச் சும்மா இருந்துவிட்டோம். பிறகு டாக்டரிடம் காட்டியதில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் கிளினிக்குக்குப் போய், தாதியின் கண்முன்னே மாத்திரை விழுங்க வேண்டும் என்றார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிற்று. காலையில் கடையில் கூட்டம். "நாளைக்குப் போகலாம் தம்பி" என்றோம். ஒரு நாள் பல நாளாயிற்று. கிளினிக்கிலிருந்து போன் வந்தபோதும் அதையே சொன்னோம். சில மாதங்களில் இருமல் திரும்பிற்று. மறுபடியும் முதலிலிருந்து மருந்து. அதே அறையில் தங்கியிருந்த மூவருக்கும் பரிசோதனை. அவர் குணமாகி இன்றும் எங்களோடு இருக்கிறார். ஆனால் குற்றம் அவருடையதன்று, எங்களுடையது.

ஆறு மாதம் எதற்கு? முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடுகின்றன. ஆகவே உடம்பு சுகமாகிறது. மெதுவாகச் சாகும் கிருமிகள் சில உள்ளே தங்கியிருக்கும். நடுவில் நிறுத்தினால் அவை பெருகும். அந்த மருந்துக்கே அடங்காதவையாகவும் மாறக்கூடும்.

ஒரு காலத்தில் இந்நோயாளிகளை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்தார்கள். அந்த வழக்கத்தை மாற்றியது நம் சென்னை நகரம் என்பது பலருக்குத் தெரியாது. 1956இல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில், ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆயினும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. மருந்து ஒழுங்காக உள்ளே போவதுதான் முக்கியம். அதைக் கவனிக்க வீட்டுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். இதுவே அதன் பாடம்.

சிங்கப்பூரில் 1947இல் பொதுமக்கள் ஆதரவோடு காசநோய் எதிர்ப்புச் சங்கமான சாட்டா தோன்றிற்று. 1997இல் அரசாங்கம் காசநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, பாலிகிளினிக்குகளில் தாதிமார் முன்னிலையில் மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தது. ஆனால் முதலாளி அரை மணி நேரம் விடாவிட்டால், பக்கத்துத் தெருக் கிளினிக்கும் தூரதேசம்தான்.

எச்.ஐ.வி. கிருமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது உடம்பின் காவலைக் குலைப்பதால், உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்கிறது. எச்.ஐ.வி. உள்ளோரின் உயிரைப் பறிப்பதில் காசநோயே முதலிடம் வகிக்கிறது. ஆகவே ஒன்று இருந்தால் மற்றதற்கும் பரிசோதிப்பது அவசியம். எச்.ஐ.வி.க்கும் தினசரி மாத்திரை உண்டு. விடாமல் சாப்பிடுவோர் நெடுங்காலம் வாழலாம். வெட்கமும் வம்புப் பேச்சுமே அவர்களைக் கிளினிக்குக்குப் போகவிடாமல் தடுக்கின்றன.

நாம் செய்ய வேண்டியவை:

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், உடனே டாக்டரிடம் அனுப்புக.

2. கிளினிக்குக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்.

3. கோப்பை, தட்டு மூலம் இது பரவாது. காற்றின் மூலமே பரவும். சிப்பந்திகள் தூங்கும் அறையின் சன்னலைத் திறந்து வையுங்கள்.

4. நோன்பு மாதத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சுகமில்லாதவர் நோன்பைப் பின்னர் நோற்க மார்க்கத்தில் இடமுண்டு. டாக்டரைக் கேட்டு நடக்கட்டும்.

5. ஒருவரது வியாதியை மற்றவரிடம் சொல்லாதீர்.

கடனை வசூலிக்க ஆறு மாதம் பொறுத்திருக்கத் தெரிந்த நாம், ஓர் உயிரைக் காக்க அதே ஆறு மாதம் பொறுக்கமாட்டோமா?