இறால் குளத்தில் இரட்டை நோய் – தெரிந்துகொள்வோம், தடுப்போம்



நாகப்பட்டினம், திருவாரூர், ராமநாதபுரம் கடலோரத்தில் நம் பெண்கள் பலர் இறால் பண்ணையில் வேலை பார்க்கிறார்கள். குழுக் கடனும் நகை அடகுப் பணமும் போட்டு குத்தகைக்குக் குளம் எடுக்கும் குடும்பங்களும் உண்டு. குளத்தில் நோய் விழுந்தால் பத்தே நாளில் இறால் போய்விடும். கடன் மட்டும் நிற்கும். அதனால் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்வோம்.

வைரஸ் எது? பாக்டீரியா எது?

இறாலுக்குப் பெரிய எதிரி வெண்புள்ளி நோய். பண்ணைக்காரர்கள் ‘ஒயிட் ஸ்பாட்’ என்பார்கள். இது வைரஸால் வருவது. 1992-ல் தைவான், சீனா பக்கம் தெரியவந்தது. 1994-95-ல் நம் கிழக்குக் கடற்கரைக்கு வந்து டைகர் இறால் வளர்ப்பையே முடக்கியது. 2009-க்குப் பிறகு வந்த வனாமி இறாலையும் இது விடுவதில்லை.

விப்ரியோ என்பது பாக்டீரியா. இது வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. உப்புத் தண்ணீரிலும், குளத்துச் சேற்றிலும், நல்ல இறாலின் குடலிலும்கூட எப்போதும் இருக்கிறது. இறால் தெம்பாக இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

தட்டம்மை வந்த குழந்தைக்குப் பின்னாலேயே நிமோனியா வருவதைப் பார்த்திருப்போம். அம்மை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுவதால் அடுத்த கிருமி சுலபமாக நுழைகிறது. இறாலிலும் இதே கதைதான். வைரஸ் அதன் செவுளையும், ஓட்டுக்கு அடியில் உள்ள தோலையும், இரத்த அணு உண்டாகும் இடத்தையும் தாக்குகிறது. கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் குறைகின்றன. அதுவரை அடங்கியிருந்த விப்ரியோ பெருகிவிடுகிறது. ‘பட்ட காலிலே படும்’ என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? பிறகு செத்த இறாலை மற்ற இறால் தின்னும். நோய் குளம் முழுக்கப் பரவும்.

என்ன அறிகுறி?

• தீவனத் தட்டில் தீவனம் மிஞ்சும்.
• இறால் கரையோரம் ஒதுங்கும், மேல்மட்டத்தில் சோர்ந்து நீந்தும்.
• உடல் சிவக்கும். தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரியும்.
• மீசை முறிவது, ஓட்டில் கருப்புத் தழும்பு, குடல் காலியாக இருப்பது ஆகியவை பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம்.

ஒன்றைக் கவனியுங்கள். சில பாக்டீரியாவாலும் வெள்ளைப் புள்ளி வரும். கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது. பி.சி.ஆர். பரிசோதனைதான் வைரஸை உறுதி செய்யும்.

“மருந்து போட்டா சரியாயிடுமா?”

கூட்டங்களில் அதிகம் வரும் கேள்வி இது. வைரஸுக்கு மருந்தே கிடையாது. ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. இறாலில் அதன் மிச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். மேலும் மருந்துக்கு அசையாத கிருமி உருவாகி, நாளைக்கு நம் பிள்ளைகளின் நோய்க்கும் மருந்து கேட்காமல் போகும். கடையில் கடனுக்குக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிப் போட்டால், இறாலும் போய், மருந்துக் கடனும் சேரும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது

1. குளத்தை வெடிப்பு விடும்வரை காயவிட்டு, அடிச்சேற்றை அகற்றுங்கள்.
2. பி.சி.ஆர். சோதனைச் சீட்டைப் பார்த்த பிறகே குஞ்சு வாங்குங்கள்.
3. தண்ணீரை வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, அதன் நெடி போன பிறகு குஞ்சு விடுங்கள். ஒரு ஏக்கர், ஒரு மீட்டர் ஆழத்துக்கு 60 பி.பி.எம். என்றால் சுமார் 240 கிலோ ஆகும்.
4. நண்டு ஏறாமல் வேலி, பறவை இறங்காமல் கயிறு கட்டுங்கள். இரண்டும் நோயைச் சுமந்து வரும்.
5. தீவனத்தை அளவாகப் போடுங்கள். மிஞ்சிய தீவனம் அழுகினால் விப்ரியோ பெருகும்.

நோய் வந்துவிட்டால்?

தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள்! நம் குளத்துத் தண்ணீர்தான் அடுத்த வீட்டு அக்காவின் குளத்துக்குப் போகிறது. விற்கிற அளவு இறால் இருந்தால் வலை போட்டுப் பிடியுங்கள். செத்ததைக் குளத்திலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள். தண்ணீரில் பிளீச்சிங் போட்டு, சில நாள் நிறுத்தி வைத்த பிறகே வெளியேற்றுங்கள். பக்கத்துக் குளத்துக்காரர்களிடம் அன்றைக்கே சொல்லுங்கள். மறைத்தால் ஊரே நஷ்டப்படும்.

வேலைக்குப் போகும் தோழிகளுக்கு: வெண்புள்ளி வைரஸ் மனிதருக்கு வராது. ஆனால் விப்ரியோவில் சில வகை புண் வழியாக உடம்பில் ஏறும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் இறாலைத் தொடாதீர்கள். பிளீச்சிங் தூவும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கையுறை கேட்பது நம் உரிமை.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• இறாலுக்குக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் குஞ்சின் சோதனைச் சீட்டைக் கேட்கிறோமா?
• ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் குளங்கள் எத்தனை? நோய் வந்தால் யார், யாருக்குச் சொல்வது?

பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு குளத்தைத் தனியாகக் காப்பாற்ற முடியாது. ஒரு வாய்க்காலைச் சேர்ந்து காப்பாற்றலாம்.