கள்ளுக்கடையை மூடவா, திறக்கவா? தார்நாகாவிலிருந்து ஒரு மரக்கணக்கு

ஐதராபாத்தின் தார்நாகாவில் குடியிருக்கும் தமிழர் வீடுகளுக்கு ஊரிலிருந்து வரும் மாமாக்கள் பிரியாணிக்கு அடுத்தபடியாகக் கேட்பது கள்ளைப் பற்றித்தான். “இங்க கள்ளுக்கு லைசென்ஸ் குடுக்குறாங்களாமே, நம்ம ஊர்ல மட்டும் என்ன தடை?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கி விற்பது குற்றம். மாநில மரமான பனையிலிருந்து இறங்குவதை விற்றால் வழக்கு. தொழிற்சாலையிலிருந்து வரும் பிராந்தியை அரசே விற்கிறது. 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் அரசியல் தலைவர் சீமான் பனையேறிக் கள் இறக்கியதும் இந்த முரணைச் சுட்டத்தான். இனி எந்தத் தேர்தல் வந்தாலும் கள் பேச்சு வரும். மூடு என்பார்கள், திற என்பார்கள். எதற்குக் கை தூக்குவது என்று முடிவு செய்யும் முன் ஐதராபாத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒன்றாக இருந்த ஆந்திரக் காலத்தையும் சேர்த்தால், அநேகமாக எல்லா வழியிலும் போய்ப் பார்த்த ஊர் இது.

முழுத் தடை

1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்ட கிராமத்துப் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தவர்கள் அவர்கள். போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபர் 1 அன்று சாராயம் தடை செய்யப்பட்டது. அந்த அலையில் ஆட்சிக்கு வந்த என்.டி.ராமாராவ் 1995 ஜனவரியில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997இல், கஜானா தாங்கவில்லை என்று சந்திரபாபு நாயுடு அதை விலக்கிக்கொண்டார். இடைப்பட்ட காலத்தில் அண்டை மாநிலங்களிலிருந்து சரக்கு எல்லை தாண்டி வந்தது. உள்ளூரில் குடும்பா காய்ச்சினார்கள். குடும்பா என்றால் இங்கே கள்ளச்சாராயம்.

தடைக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கூலிப் பணம் வீடு வந்து சேர்ந்தது என்று அந்தப் பெண்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் தடையைக் காவல் காக்கும் செலவும், காவல்காரரையே விலைக்கு வாங்கும் லாபமும் சேர்ந்தே வளரும். பழைய நகரத்தை ஒட்டிய தூல்பேட்டையைப் பாருங்கள். குடும்பா காய்ச்சுவதற்குப் பெயர்போன இடம். தெலங்கானா அரசு கடுமையாக இறங்கி அடுப்புகளை அணைத்தது, காய்ச்சியவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டமும் அறிவித்தது. சில ஆண்டுகளில் அதே தூல்பேட்டை கஞ்சாவுக்குப் பெயர் வாங்கியது.

உரிமம் கொடுத்துத் திறப்பது

ஊர் மாமாக்கள் கேட்பது இதைத்தான். இங்கேதான் நிதானமாக நின்று பார்க்க வேண்டும்.

ஐதராபாத் நகரக் கள்ளுக்கடைகளை இங்கே ‘கள்ளுக் காம்பவுண்டு’ என்பார்கள். கலப்படம் மிஞ்சிவிட்டது என்று 2004இல் ராஜசேகர ரெட்டி அரசு அவற்றை மூடியது. தனி மாநிலம் பிறந்த 2014இல் சந்திரசேகர ராவ் அரசு மறுபடி திறந்தது. கள் தெலங்கானாவின் பண்பாடு, கள் இறக்கும் கௌடு மக்களின் பிழைப்பு என்ற வாதத்தில் உண்மை இருந்தது. இல்லாதது மரம். தார்நாகா மெட்ரோ நிலையத்தில் நின்று நாலு பக்கமும் பாருங்கள், எத்தனை பனை, எத்தனை ஈச்சமரம் தெரிகிறது? நகரத்துக் கள் மாவட்டங்களிலிருந்து வந்தாக வேண்டும். கள்ளோ காலையில் இறக்கியதை மாலைக்குள் குடிக்க வேண்டிய பொருள். வைத்தால் புளித்துப் போகும். கேட்பவர் ஆயிரம் பேர், வருகிற கள் நூறு பேருக்கு என்றால், மிச்சத் தொள்ளாயிரம் பேரின் பங்கைத் தண்ணீரும் சர்க்கரையும் போதை மருந்தும்தான் நிரப்பும்.

முன்பு குளோரல் ஹைட்ரேட், டயாசெபாம். பிறகு அல்பிரசோலம். மனப்பதற்றத்துக்கு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை அது. 0.5 மில்லிகிராம் மாத்திரைக் கணக்கில் ஒரு கிலோ தூள் என்பது 20 லட்சம் மாத்திரை! ஒரு கைப்பையில் அடங்கிவிடும். 1961இல் தொடங்கிய ஐ.டி.பி.எல். நிறுவனமும், நம் தார்நாகாவின் ஐ.ஐ.சி.டி. ஆய்வகமும் ஊட்டி வளர்த்த மருந்துத் தொழில் இந்த நகரத்தின் பெருமை. அந்த வேதியியல் அறிவின் ஓரத்தில் திருட்டு உலைகளும் முளைத்தன. போதைப் பொருள் சட்டப்படி 100 கிராம் அல்பிரசோலம் வைத்திருந்தாலே ‘வணிக அளவு’. குறைந்தது பத்து ஆண்டு சிறை. அப்படியும் அது கள்ளில் கலந்தது. சட்டம் அனுமதித்த பானையில் சட்டம் தடுத்த மருந்து. 2025 ஜூலையில் கூக்கட்பள்ளி வட்டாரத்தில் கலப்படக் கள் குடித்துப் பலர் செத்தார்கள். நிம்ஸிலும் காந்தி மருத்துவமனையிலும் படுக்கைகள் நிரம்பின. எல்லாம் உரிமம் பெற்ற கடைச் சரக்கு.

இதன் மறுபக்கத்தை 2015இலேயே பார்த்தோம். கலப்படத்தைத் தடுக்க அதிகாரிகள் கடுமை காட்டியபோது, நிஜாமாபாத், மகபூப்நகர் பக்கம் கள் குடித்துப் பழகியவர்கள் வலிப்பும் பிதற்றலுமாக அரசு மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். உடம்பு பழகியிருந்தது கள்ளுக்கு அல்ல, மருந்துக்கு. ஒரே நாளில் கடையை மூடுகிறவர், முதல் நாளே படுக்கைகளைத் தயார் செய்ய வேண்டும் என்பது அந்த வருடம் கற்றுத்தந்த பாடம். இது அரசியல் மேடைகளுக்கு இன்னும் எட்டவில்லை.

அரசே விற்பது

தமிழ்நாட்டு வழி. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. பாட்டிலுக்குள் இருப்பது இன்னது என்று தெரியும், அது நல்லது. ஆனால் விலை? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாவட்டத்தில் டாஸ்மாக் இல்லாமல் இல்லை. குவார்ட்டர் விலை கூலிக்காரனுக்குக் கட்டவில்லை. இன்னொன்று, விற்று வாழும் அரசிடம் குடியைக் குறைக்கச் சொல்வது கடினம்.

மரத்தடிக் கள்

தெலங்கானாவிலேயே இரண்டு வகை உரிமம் உண்டு. ஒன்று கள் இறக்குவோர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. மற்றது, தானே மரமேறி இறக்கி விற்கும் தனி ஆளுக்கு. இரண்டாவது வகையில் பொய் சொல்வது கஷ்டம். பத்து மரத்துக்காரன் நூறு மரத்துக் கள் விற்றால் கிராமமே சிரிக்கும். கேரளம் 1969லேயே கள் தொழிலாளர் நல நிதிச் சட்டம் போட்டு, மரமேறுகிறவரைத் தொழிலாளி என்று கணக்கில் வைத்தது. அங்கும் கலப்படச் சாவு நடந்திருக்கிறது, ஆனால் யார் இறக்கியது, எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு பதிவேடாவது உண்டு. ஐதராபாத் நெக்லஸ் சாலையில் 2023இல் தெலங்கானா அரசு திறந்த, பதநீர் விற்கும் நீரா கஃபே நல்ல முயற்சிதான். என்றாலும் பதநீர் குடிக்க வருகிறவர் வேறு, போதைக்கு வருகிறவர் வேறு.

என் ஓட்டு மரத்தடிக் கள்ளுக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: மரம் இருக்கும் ஊரில் மட்டும், இறக்கிய அன்றே, லாரி ஏற்றாமல். சென்னைக்கும் கோவைக்கும் கள்ளுக்கடை கேட்டால் நான் எதிர்ப்பேன். அது ஐதராபாத் காம்பவுண்டில்தான் போய் முடியும்.

குடிப்பவரை என்ன செய்வது?

கடைக்காரனைப் பற்றி எந்த முடிவு எடுத்தாலும், குடித்தவரைப் பற்றித் தனியாக எடுக்க வேண்டும். கள்ளுக்குள் கலந்திருப்பதும் போதை மருந்து என்பதால், அதற்கு மற்றவர்கள் கண்ட வழியைப் பார்க்கலாம். போர்ச்சுகல் 2001இல் எல்லாப் போதைப் பொருளுக்கும், பத்து நாள் உபயோக அளவுக்குள் இருந்தால் சிறை இல்லை, ஆலோசனைக் குழு முன் வா என்றது. கூடவே சிகிச்சைக்கும் பணம் போட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021இல் அதே வழியில் இறங்கியது. சிகிச்சை மையங்கள் வருவதற்குள் தெருவில் நிலைமை மோசமாகி, 2024இல் மறுபடி குற்றமாக்கியது. தண்டனையை மட்டும் எடுத்தால் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் சட்டமும் முற்றிலும் கல் நெஞ்சு அல்ல. 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை, அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம். வீட்டுப் பிள்ளை இப்படி வழக்கில் மாட்டிக்கொண்டால் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பிரிவைத்தான்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் ‘திறப்போம்’ என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் வட்டத்தில் கள் இறக்கும் மரம் எத்தனை? பானையைச் சோதிப்பவர் யார், அறிக்கை எத்தனை நாளில் வரும்? கடையை மூட நேர்ந்தால் மருத்துவமனையில் படுக்கை எத்தனை? ‘மூடுவோம்’ என்கிறவரிடம் மூன்றாவது கேள்வியை முதலில் கேளுங்கள்.

தெலங்கானாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. வீட்டில் யாராவது பல மாதமாகத் தினமும் கள் குடிப்பவராக இருந்தால், வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். அதில் என்ன கலந்திருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச உதவி எண் 14446.