உப்பு ஒரு நாளில் விளையாது
(உடல்நலப் பாடம்)



கொழும்பிலிருந்து புத்தளம் போகும் வீதியில், கற்பிட்டிக்குப் பாதை பிரியும் இடம் பாலாவி. அங்கே உப்பளங்கள் உண்டு. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, பல நாள் வெயிலில் வற்றவிட்டால்தான் உப்பு விளையும். தொடக்கத்தில் பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். இடையில் மழை கொட்டினால் விளைந்த உப்பும் கரைந்துபோகும். அதற்காக யாரும் உப்பளத்தைக் கைவிடுவதில்லை. மழை விட்டதும் மறுபடி தொடங்குகிறார்கள்.

தேகாப்பியாசமும் இப்படித்தான். "ஒரு மாசமா நடந்தேன், எடை கொஞ்சமும் குறையல்ல. எதுக்கு வீண் வேலை?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குறை நடையில் இல்லை, கிட்டத்தில் வைத்த குறியில்தான் இருக்கிறது.

சென்னையில் கண்டது

நீரிழிவு, அதாவது சீனி வருத்தம், வரக்கூடிய நிலையில் இருந்த 531 பேரை டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவைத் திருத்தி, தினம் 30 நிமிடமாவது நடக்கும்படி தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை! தராசு காட்டாத நன்மை உடம்புக்குள்ளே நடந்திருக்கிறது.

"நாங்க தினம் மலை ஏறுறோமே?"

நியாயமான கேள்விதான். கொழுந்து பறிப்பவர்களுக்கு நடை குறைவில்லை. அந்த ஆய்விலும் கடும் உடலுழைப்பு உள்ளவர்களை அதையே தொடரச் சொன்னார்கள். ஆனால், வேலையிலிருந்து நின்ற பிறகு? நேற்றுவரை மலை ஏறிய கால் லயத்து வாசலில் உட்கார்ந்துவிடுகிறது. சாப்பாடோ பழைய அளவுதான். டவுன் கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கும், முச்சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

குறியைத் தூரத்தில் வையுங்கள்

"அடுத்த மாசம் எடை குறையணும்" என்பது கிட்டத்துக் குறி. அது தவறினால் மனம் சோர்ந்துவிடும். "எழுபது வயசிலயும் யார் கையையும் பிடிக்காம கோயில் படி ஏறணும்", "பேத்தி கலியாணத்துல நானே ஓடியாடி வேலை செய்யணும்" என்பவை தூரத்துக் குறிகள். இன்று நடந்த நடை அதற்கென்று சேர்த்து வைத்த காசு.

செய்யவேண்டியவை:

1. உங்கள் குறியை ஒரு தாளில் எழுதி, கலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.
2. நடந்த நாளுக்குக் கலண்டரில் ஒரு புள்ளி போடுங்கள். எடையை அல்ல, புள்ளிகளை எண்ணுங்கள்.
3. 30 நிமிடம் ஒரேயடியாக முடியாவிட்டால், பத்துப் பத்து நிமிடமாக மூன்று தரம் நடக்கலாம்.
4. பக்கத்துக் காம்பராவில் ஒருவரைத் துணைக்குச் சேருங்கள்.
5. மழை, காய்ச்சல், திருவிழா என்று சில நாள் தவறினால், உப்பளத்தை நினைத்து மறுபடி தொடங்குங்கள்.

நெஞ்சு வலி, தலைச்சுற்று, கடும் மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் போகவேண்டும். ஏற்கனவே பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

வீட்டில் கலந்து பேச:

பத்து வருஷத்துக்குப் பிறகு நான் எதைச் செய்யக்கூடியவனாக, செய்யக்கூடியவளாக இருக்கவேண்டும்? அதற்காக இன்று பின்னேரம் யாரோடு நடக்கப்போகிறேன்?