சிறு தொட்டியில் மீன்களின் பகை

நம் நகரின் பேகம்பேட் பகுதிக்கு அறிவியல் வரலாற்றில் நிலையான ஓர் இடம் உண்டு. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் இங்கேதான் கண்டறிந்தார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கொசுவே பகை என்று தெளிந்தபின், கொசுப் புழுவைத் தின்னும் மீன்களை அறிஞர்கள் நாடெங்கும் தேடினர். அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கம்பூசியா என்னும் சிறு மீன் 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 'கொசு மீன்' என்று நாம் வழங்குவது இதனையே.

நான் பேகம்பேட்டில் தங்கி விலங்கியல் பயில்பவன். ஆதலால், அறையில் மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் பலர் என்னிடம் வந்து முறையிடுவது உண்டு. "கப்பி மீன்களோடு நாலைந்து கொசு மீன்களையும் விட்டோம். இரண்டே நாளில் கப்பிகளின் வாலெல்லாம் கிழிந்துவிட்டது. இது என்ன பொல்லாத மீன்?" என்பது அவர்கள் கேள்வி. மீனைப் பழிப்பதற்கு முன், அது ஏன் கடிக்கிறது என்று அறிவது நலம்.

மீன்கள் ஏன் சண்டையிடுகின்றன?

டச்சு நாட்டு அறிஞர் நிக்கோ டின்பெர்கன், ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீனை வைத்து இதனை ஆராய்ந்தார். இனப்பெருக்கக் காலத்தில் இதன் ஆண்மீன் தனக்கென ஓர் எல்லை வகுத்துக் கூடு கட்டும். வேறோர் ஆண் உள்ளே வந்தால் பாய்ந்து விரட்டும். அடுத்தடுத்து எல்லை கொண்ட இரண்டு ஆண்மீன்களை அவர் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு இடம் மாற்றிப் பார்த்தார். தன் எல்லைக்குள் இருந்தபோது பாய முயன்ற மீனே, அயல் எல்லைக்குக் கொண்டுபோனதும் தப்பியோட முயன்றது. மீனின் வீரமும் அச்சமும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தவை என்பது இதனால் விளங்கும். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக டின்பெர்கன் 1973-இல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

ஓடையில் தோற்ற மீன் எல்லையைத் தாண்டி ஓடிவிடும். சண்டை அத்துடன் தீரும். கண்ணாடித் தொட்டியில் அது ஓடுவதற்கு இடம் ஏது? ஓரடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி கொள்ளும் நீர் ஏறத்தாழ 28 லிட்டரே. வென்ற மீன் அதன் முழுமையையும் தன் எல்லையாகக் கொள்ளும். தோற்றது மூலையில் ஒதுங்கி, இரை தின்னாமல் மெலிந்து, நோயுற்று இறக்கும்.

பொருந்தாத கூட்டுகள்

முதலாவது, சயாம் சண்டைமீன். இதன் ஆண்கள் இரண்டை ஒரு தொட்டியில் விடவே கூடாது. நீண்ட வண்ண வாலுடைய ஆண் கப்பியையும் இது எதிரியாக எண்ணித் தாக்குவது உண்டு.

இரண்டாவது, டைகர் பார்ப். இது கூட்டமாக வாழும் மீன். ஆறுக்கு மேல் இருந்தால் தமக்குள்ளேயே துரத்தி விளையாடும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால், மெல்ல நீந்தும் பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கும்.

மூன்றாவது, ஏஞ்சல் மீன். கடையில் காசு அளவில் இருக்கும் இது, பதினைந்து சென்டிமீட்டர் வரை வளரும். அப்போது அதன் வாய்க்குள் அடங்கும் நியான் டெட்ரா அதற்கு இரையாகிவிடும். முட்டையிட்டுவிட்டாலோ, தாயும் தந்தையும் சேர்ந்து மற்ற மீன்களை ஒரு மூலைக்கு விரட்டிவிடும்.

செய்யத்தக்கவை

புதிதாகத் தொடங்குவோர் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி வாங்குவது நன்று. அது சுமார் 56 லிட்டர் நீர் கொள்ளும். நம் பகுதிக் கிணற்று நீரின் கடினத்தன்மை கப்பிக்கும் மோலிக்கும் ஏற்றது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் விடுக. இல்லையேல் ஆண்கள் பெண்மீன்களை ஓயாமல் துரத்தி வருத்தும். சிறு தொட்டிதான் உண்டு என்போர் ஒரே ஒரு சண்டைமீனைத் தனியே வளர்க்கலாம்.

கற்களும் செடிகளும் வைத்து, ஒரு மீன் மற்றொன்றின் கண்ணில் படாமல் மறையும் இடங்களை உண்டாக்குக. புது மீனை விடும்போது கற்களை இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் குலையும்; எல்லா மீனும் அன்று புதிதாகக் குடிவந்தவையே ஆகும். டின்பெர்கன் கண்ட உண்மை இங்கே நமக்கு உதவுகிறது.

மீன் சோர்ந்திருப்பதற்கெல்லாம் சண்டையே காரணம் என்று முடிவு செய்யலாகாது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுவிடுமாயின் நீரில் குறை இருக்கலாம். புதிய தொட்டியில் மீன்கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன்களைச் சிலவாகவே வைத்து, நீரில் காற்பங்கை அடிக்கடி மாற்றிவருக.

நண்பர்களே, இறுதியாக ஒன்று. பொருந்தாத மீனை ஹுசைன் சாகரிலோ வேறு குளத்திலோ விட்டுவிடுவது சிலரது வழக்கம். அதனை அன்புச் செயல் என்றே அவர்கள் எண்ணுகின்றனர். ஆனால் நன்மைக்கெனக் கொண்டுவந்த கம்பூசியாவே பல நாடுகளில் உள்நாட்டு மீன்களையும் அவற்றின் குஞ்சுகளையும் வருத்தி, உலகின் மிகத் தீங்கான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் 2000-ஆம் ஆண்டு இடம்பெற்றது. தொட்டியில் ஒரு கப்பியின் வாலைக் கடித்த பல், குளத்தில் எத்தனை உயிரைக் கடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி உடைய நண்பரிடம் ஒப்படையுங்கள்.