13.8 காட்டுகிறது, செட் அணைகிறது

“சப்ளையில் 13.8 வோல்ட் சரியாக நிற்கிறது, கோளாறு செட்டில்தான்.” மைக் பொத்தானை அழுத்தியதும் ஹாம் ரேடியோ அணைந்து அணைந்து எரிந்தால் பலரும் இப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். சுங்காயிலிருந்து ஈப்போவுக்குச் செட்டைத் தூக்கிக்கொண்டு போகுமுன் ஒரு கணக்குப் பாருங்கள்.

100 வாட் எச்எஃப் செட், கேட்கும்போது ஒன்றிரண்டு ஆம்பியர்தான் இழுக்கும். பேசும்போது 20 ஆம்பியரைத் தொடும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 3 மீட்டர் என்றால், போக வர 6 மீட்டர். அதிலேயே 0.9 வோல்ட் போய்விடும். நம் பக்கத்து ஈரக்காற்றில் ஃபியூஸ் ஹோல்டரில் களிம்பு ஏறி 0.05 ஓம் தடை உண்டானால் இன்னொரு வோல்ட் போச்சு. செட்டுக்குப் போய்ச் சேருவது 11.9. பல செட்டுகளுக்குக் கீழ் எல்லையே 11.7. அந்த ஹோல்டரில் 20 வாட் சூடாகிறது. பேசி முடித்ததும் தொட்டாலே தெரியும்.

ஆகவே சும்மா இருக்கும்போது அளப்பதில் பயனில்லை. ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோட் மாட்டுங்கள். எஃப்எம்மில் முழு பவரில் சில நொடி அழுத்தி, முதலில் செட்டின் பின்னால் உள்ள பிளக்கிலும் பிறகு சப்ளை முனையிலும் அளவு எடுங்கள். சப்ளை முனையிலேயே இறங்கினால் கோளாறு சப்ளையில். அங்கே வோல்ட் சரியாக நின்று செட் பக்கம் மட்டும் இறங்கினால் வயரையும் ஹோல்டரையும் பாருங்கள்.

30 ஆம்பியர் சப்ளை சின்ன செட்டைக் கருக்கிவிடும் என்பதும் வீண் பயம். செட் தனக்கு வேண்டிய ஆம்பியரைத்தான் இழுக்கும். கெடுப்பது கூடுதல் வோல்ட். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையில் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 20 வோல்ட்டுக்கு மேல் நேராகச் செட்டுக்குள் பாயும். அதிக வோல்ட்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஃபியூஸ் போனால் பெரியதாகப் போடுவது மோசமான வைத்தியம். சிவப்பும் கறுப்பும் மாறினால் பல செட்டுகளில் ஒரு டயோடு ஷார்ட்டாகி ஃபியூஸை எரித்துச் செட்டைக் காக்கும். பெரிய ஃபியூஸ் போட்டால் உள்ளே போர்டே கருகும்.

சுவிட்சை அணைத்தால் மின்னலுக்குத் தப்பலாம் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. வானத்திலிருந்து வரும் மின்னலுக்குச் சுவிட்சின் சில மில்லிமீட்டர் இடைவெளி தடையே இல்லை. பிளக்கையும் ஆன்டெனா கேபிளையும் மேகம் கூடும்போதே கழற்றிவிடுங்கள். இடி கேட்டபின் கேபிளில் கை வைக்காதீர்கள்.